மேல்காடும் கீழ்க்காடும்

வாள்மீன் பிடிக்கும் கப்பல்களில் முப்பது வருஷம் இன்ஜின் பார்த்தவர் தெல்மீரோ. நட்டநடு அட்லாண்டிக்கில், ஆளைத் தூக்கிச் சுவரில் அடிக்கும் அலையிலும் ஒரு வால்வைக்கூட மாற்றித் திறந்ததில்லை. இந்தப் பெருமையைக் கேட்காத காது எங்கள் ஊர் ஓ ரொசாலில் கிடையாது. கேட்டுச் சலிக்காத காதும் கிடையாது. அப்பேர்ப்பட்ட மனுஷன், ஏப்ரல் மாதத்து ஞாயிறு மத்தியானம், ஆடாத அசையாத ஒரு கருங்கல் வீட்டின் கீழறையில், மூன்றே மூன்று தொட்டிகளுக்கு நடுவில் கோட்டை விட்டார்.

முதல் தொட்டி அவருடையது. இரண்டாவது, அந்த வீட்டுக்காரி தோரிந்தாவினுடையது. மூன்றாவது காலி, கழுவிக் காயவைத்தது. வேலை இவ்வளவுதான்: தன் ஒயினை அடி மண்டியிலிருந்து பிரித்துக் காலித் தொட்டிக்கு ஏற்ற வேண்டும். குழாயை மாட்டினார். மோட்டாரைப் போட்டார். அந்த நேரம் பார்த்து ரேடியோவில் வீகோ நகரத்துக் கால்பந்து அணிக்கு பெனால்டி கிடைத்தது. கல் சுவருக்குள் ரேடியோ இரைகிறதென்று அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். பெனால்டியை எடுக்கப் போகிறவர் யார் என்று மைதானத்திலேயே பெரிய தகராறு. அது தீர்ந்து, அடித்து, பந்து கம்பத்தில் பட்டு வெளியே போய், அதற்காக ஒரு பாட்டம் திட்டி முடித்துவிட்டுத் திரும்பினால், காலித் தொட்டி காலியாகவே இருந்தது. அதுதான் முதல் சந்தேகம். அவருடைய தொட்டியும் காலி. அது இரண்டாவது. பாதி மட்டத்தில் இருந்த தோரிந்தாவின் தொட்டி விளிம்பு வரை தளும்பி நின்றது. மூன்றாவது சந்தேகத்துக்கு அவசியம் இருக்கவில்லை.

மாடியிலிருந்து தோரிந்தா இறங்கி வந்தாள். கையில் சூப்புக்கு நறுக்கிய கீரைத்தண்டு.

“மோட்டார் ஏன் இப்படிக் கத்துது?”

“கத்துதா?”

“யோவ், என் தொட்டிக்குள்ள என்னத்த ஊத்தின?”

“ஊத்தினேன்னு யாரு சொன்னா?”

“தெல்மீரோ.”

அவள் பேரை மட்டும் சொல்லிக் கூப்பிட்டால் தப்பிக்க வழி கிடையாது. “கொஞ்சம் மேல்காடு,” என்றார், தன் தோட்டத்து ஒயினை.

“கொஞ்சம்னா?”

“முழுசும்.”

திட்டுவாள் என்று தோள் இரண்டையும் தூக்கிக்கொண்டு நின்றார். அவள் மோட்டாரை நிறுத்தினாள். ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள். தொட்டியையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் படியேறிப் போய்விட்டாள். வைதிருந்தால் நிம்மதியாகச் சாப்பிடப் போயிருப்பார்.

அந்த இரண்டு ஒயினும் ஒன்றாகிப் போனதில் எதுவும் கெட்டுவிடவில்லை. சொல்லப்போனால் பல காலம் அவை ஒன்றாகத்தான் இருந்தன. தெல்மீரோவின் மேல்காடு மலைச்சரிவில், கடலைப் பார்த்து இருக்கிறது. அங்கே அல்பரீன்யோ திராட்சை. மேற்குக் காற்றில் வரும் உப்பைத் தின்றே வளர்ந்தது. வாயில் வைத்தால் எலுமிச்சையைக் கடித்த மாதிரி ஆளை எழுப்பி உட்காரவைக்கும். தோரிந்தாவின் கீழ்க்காடு மின்யோ ஆற்றங்கரையில், எதிர்க்கரையில் போர்ச்சுகல்காரன் துணி காயப்போடுவது தெரியும் தூரத்தில். அங்கே லொவ்ரெய்ரோ கொடிகள், ஓரத்தில் நாலு வரிசை கயீன்யோ. அந்த ஒயின் பிரிஞ்சி இலை மாதிரி மணக்கும், மிருதுவாக இருக்கும், தனியாக விட்டால் தூங்கிப்போகும். ஒன்று கத்தும், இன்னொன்று கொட்டாவி விடும். இரண்டையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசவைக்கத் தெரிந்தவன் ஒருவன்தான் இருந்தான். தோரிந்தாவின் புருஷன், தெல்மீரோவின் சிநேகிதன் அமாரோ.

கலக்கும் நாள் ஏப்ரலில்தான் வரும். அமாரோ ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் மேல்காட்டையும் கீழ்க்காட்டையும் கண்ணளவில் ஊற்றுவான். குடிக்காமல் அதை எடுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போவான். அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் என்று மூக்கைத் தூக்கிப் பார்ப்பான். அப்புறம் ஒரு மடக்கு வாயில் வைத்து, கன்னத்துக்குக் கன்னம் மாற்றி, பக்கத்துக் கமேலியாச் செடியில் துப்புவான். அந்தச் செடி கோணலாக வளர்ந்ததற்கு அவன்தான் காரணம் என்பது தோரிந்தாவின் கட்சி. “மேல்காடு சத்தம் போடுது, இன்னும் ஒரு வாளி கீழ்க்காடு,” என்பான். தெல்மீரோ மோட்டாரைப் போடுவார். மறுபடி கிண்ணம், படி, காற்று, கமேலியா. “எவ்வளவுக்கு எவ்வளவுடா?” என்று தெல்மீரோ கேட்டால், “எந்த வருஷத்துக்கு?” என்பான். சாயங்காலம் ஆவதற்குள் துப்பியது போக விழுங்கியது கொஞ்சம் கூடிவிடும். மூன்று பேரும் கீழறையிலேயே பலகை போட்டு உட்கார்ந்து, தோரிந்தா செய்த லாம்ப்ரே மீன் அடைத்த ரொட்டியைப் பிய்த்துத் தின்பார்கள். அவள் சிரித்தால் தொட்டிகள் எதிரொலிக்கும்.

கடலில் இருந்த காலத்தில் தெல்மீரோ லீவை அறுவடைக்கும் கலக்கும் நாளுக்கும் கணக்குப் பண்ணித்தான் எடுப்பார். கல்லுக்கால் பந்தலுக்கடியில் நாள் முழுக்கக் கையை மேலே தூக்கிக்கொண்டு குலை வெட்டினால் கழுத்து ஒரு வாரத்துக்குக் கீழே இறங்காது. அந்த வலியோடு கப்பலேறினால்தான் ஊருக்குப் போய் வந்த மாதிரி இருக்கும். ஒரு பாட்டிலைப் படுக்கைக்கடியில் பழந்துணியில் சுற்றி வைத்திருப்பார். அசோர்ஸ் தீவுகளுக்குத் தெற்கே, இன்ஜின் புகையில் மூக்கே அவிந்துபோயிருக்கும்போது, அதன் தக்கையைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடிவைப்பார். மழை நின்றதும் கல் சுவரிலிருந்து கிளம்புமே, அந்த வாசனை, பின்னாலேயே பிரிஞ்சி இலை, கடைசியில் உப்பு. சக மாலுமிகள் இவர் ரகசியமாகக் குடிக்கிறார் என்று சந்தேகப்பட்டார்கள். மோந்துதான் பார்க்கிறார் என்று தெரிந்த பிறகு அதைவிடக் கேவலமாகப் பார்த்தார்கள்.

அமாரோ போனது ஒரு பிப்ரவரியில். அந்த ஏப்ரலில் தெல்மீரோ வழக்கம்போலக் கீழறைக்கு வந்து, மோட்டாரைக் கழுவி வைத்துவிட்டு, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தோரிந்தா வந்தாள். இரண்டு தொட்டிகளையும் பார்த்தாள்.

“தனித்தனியாவே இருக்கட்டுமா?” என்றாள்.

“இருந்தா என்ன?” என்றார் அவர்.

அவள் கேட்டதும் கேள்வி, அவர் சொன்னதும் கேள்வி. பதிலே சொல்லப்படாத அந்தப் பேச்சின்படி நாலு வருஷமாக ஒயின் தனித்தனியாக இருந்தது. எங்கள் பக்கத்தில் அப்படித்தான். மழை வருமா என்று கேட்டால் குடை இல்லையா என்பார்கள். செத்தவர் வீட்டில் போய் எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்டால், அவசரமா என்பார்கள். நேராகப் பதில் சொல்வது வெளியூர்க்காரன் வேலை. அதனால் யாருக்கும் எந்த நஷ்டமும் வந்ததில்லை, தெல்மீரோவுக்கு இந்த வருஷம் ஒரு விஷயம் தெரிந்தே ஆக வேண்டும் என்று வரும் வரைக்கும்.

விஷயம் இது. மார்ச் மாதத்தில் ஒரு பெரிய ஒயின் கம்பெனியின் கார் வந்து தோரிந்தாவின் வாசலில் நின்றது. அதிலிருந்து இறங்கியவன் சேறு படாத பூட்ஸோடு கீழ்க்காடு முழுக்க நடந்தான். ஊருக்குத் தெரிந்த கதை, அவர்களுக்கு வேண்டியது நிலம்தான், கொடி இல்லை. லொவ்ரெய்ரோவையும் கயீன்யோவையும் வேரோடு பிடுங்கிவிட்டு, பேரைச் சொன்னாலே விற்கும் அல்பரீன்யோவை நடுவார்கள். விற்றுவிட்டால் தோரிந்தாவும் இங்கே இருக்கப் போவதில்லை. வீகோவில் மகள் இரியா வீட்டில் அவளுக்கென்று ஓர் அறை தயாராக இருக்கிறது என்று ரொட்டிக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

தெல்மீரோ கேட்காமல் இல்லை. ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

“அந்தக் கார்க்காரன் நல்லவனாத் தெரியுறானா?”

“கார் நல்லா இருந்துச்சில்ல?”

இன்னொரு நாள்: “இந்த வருஷம் கவாத்தைச் சீக்கிரமே முடிச்சிட்ட போல?”

“லேட்டா முடிச்சா பரிசு குடுக்குறாங்களா?”

இன்னொரு நாள், ரொம்ப சாமர்த்தியமாக: “வீகோவுல இப்ப பார்க்கிங்கே கிடைக்கிறதில்லையாமே?”

“நீ எதுக்குய்யா கவலப்படுற, உன்கிட்ட காரா இருக்கு?”

இத்தனைக்கும் நடுவில்தான் இந்தத் தொட்டி விவகாரம். திங்கள் முழுக்க அவர் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. செவ்வாய்க்கிழமை பந்தல் கொடிக்கு மயில்துத்த மருந்து அடிக்கிறேன் என்று போய், அவள் வீட்டுச் சுவரில் பாதியை நீலமாக்கிவிட்டு வந்தார். புதன்கிழமை அவளே கூப்பிட்டாள்.

“சனிக்கிழமை கிளை கட்டணும். என்ன பண்ணலாம்?”

எங்கள் ஊரில், வீட்டுக்கு வைத்துக்கொண்டது போக மீந்த ஒயினை வீட்டிலேயே நாலு பலகை போட்டு விற்றுக்கொள்ளலாம். வாசலில் பிரிஞ்சிமரக் கிளை தொங்கினால் ஒயின் இருக்கிறது. கிளை இறங்கினால் தீர்ந்தது, அடுத்த வருஷம் வா. தோரிந்தா எப்போதும் ஏப்ரலில் ஒரு சனிக்கிழமையில் கட்டுவாள்.

“நீ குடிச்சுப் பாத்தியா?” என்று கேட்டார் தெல்மீரோ.

“நீ?”

இரண்டு பேருமே பார்க்கவில்லை. மூன்று நாளாக அந்தத் தொட்டி அங்கே நிற்கிறது, ஒரு விரலை நனைத்து நாக்கில் வைக்க இரண்டு பேருக்கும் தைரியமில்லை. நன்றாக இல்லாவிட்டால் ஒரு துக்கம். நன்றாக இருந்துவிட்டால் அதைவிடப் பெரிய துக்கம். இதை அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

“லிசார்தோவுக்கு முதல்ல ஊத்துவோம்,” என்றாள் கடைசியில். “அந்தாளு வினிகரக் குடுத்தாலும் குடிப்பாரு. சாகலைன்னா மத்தவங்களுக்கு.”

சனிக்கிழமை மத்தியானம் வெயில் லேசாக எட்டிப் பார்த்தது. கிளை கட்டியாயிற்று. பந்தலுக்கடியில் பலகைகள். கொடியில் அப்போதுதான் துளிர் விட்டிருந்ததால் மேலே பாதி வானம். தோரிந்தா கனமான உருளைக்கிழங்கு முட்டை அடைகளைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டே இருந்தாள். முதல் ஆளாக வந்தவர் லிசார்தோதான். அந்தக் காலத்தில் ஆற்றில் படகு விட்டவர். பகலில் ஆட்களையும், இருட்டினால் போர்ச்சுகல் காப்பிக் கொட்டையையும் கரை சேர்த்தவர். எண்பதைத் தாண்டிவிட்டார், வாய் மட்டும் தாண்டவில்லை.

“என்ன இன்ஜின்காரரே, குழாய் போடத் தெரியாம எல்லாத்தையும் ஒண்ணாக்கிட்டியாமே? கப்பல்ல டீசலையும் குடிதண்ணியையும் இப்படித்தான் கலந்தியா?”

“யாரு சொன்னா உங்களுக்கு?”

“யாரு சொல்லல?”

தோரிந்தா ஒரு கிண்ணத்தை நிரப்பி அவர் முன்னால் வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் அங்கேயே நின்றாள். பக்கத்துப் பலகைகளில் இருந்தவர்கள் கழுத்தைத் திருப்பினார்கள். எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. லிசார்தோ ஒரு மடக்கு குடித்தார். கிண்ணத்தைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்து இன்னொரு மடக்கு. பல் இல்லாத வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

“அமாரோவைப் புதைச்ச அன்னிக்கு நானும் வந்திருந்தேனே,” என்றார். “பெட்டியத் தூக்கினதுல நானும் ஒருத்தன். கனமாத்தான இருந்துச்சு? அப்புறம் இதக் கலந்தது யாரு?”

யாரும் சிரிக்கவில்லை. கொஞ்சம் கழித்து எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் எல்லோருக்கும் கிண்ணம் வேண்டியிருந்தது. குடித்த ஒவ்வொருத்தரும் எதையாவது ஞாபகப்படுத்திக்கொண்டார்கள். ரொட்டிக்கடைக்காரி தன் கல்யாணத்தில் ஊற்றியது இதுதான் என்றாள். அன்றைக்குப் பெய்த மழையில் பந்தல் இறங்கி மாப்பிள்ளைமேல் விழுந்ததைச் சொல்லி அழுகிற அளவுக்குச் சிரித்தாள். லிசார்தோ, சுங்கப் போலீஸ்காரனுக்கு அமாரோ ஒரு முழு ஜாடியை ஊற்றிக் கொடுத்துப் படகில் தூங்கவைத்ததையும், அவனையும் காப்பி மூட்டையோடு சேர்த்தே கரையில் இறக்கியதையும் சொன்னார். போன வருஷம்வரை எத்தனை மூட்டை என்பதில் கணக்காக இருந்தவர், இன்றைக்கு இரண்டை ஏற்றிவிட்டார்.

தெல்மீரோ தோரிந்தாவைத் தேடினார். அடுப்பில் அடை தீய்ந்துகொண்டிருந்தது. அதை எடுத்து வைத்துவிட்டு, இரண்டு கிண்ணத்தை நிரப்பிக்கொண்டு, கீழ்க்காட்டுக்கு இறங்கும் பாதையில் போனார். பாதிக்கு மேல் கையில் வழிந்தது. முப்பது வருஷம் ஆடுகிற தளத்தில் காப்பி சிந்தாமல் நடந்தவர்.

அவள் கடைசி வரிசைக் கயீன்யோவுக்குப் பக்கத்தில் ஒரு கல்லுக்காலில் சாய்ந்து நின்றிருந்தாள். ஆறு நிறைய ஓடிக்கொண்டிருந்தது, கடல் ஏற்றத்தில் தண்ணீர் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு வந்தது. அவர் நீட்டிய கிண்ணத்தை வாங்கினாள். குடித்தாள். அவரும் குடித்தார்.

முதலில் மழை நனைத்த கல். பின்னால் பிரிஞ்சி இலை. உப்பு. எல்லாம் இருந்தது. வரிசைகூட மாறவில்லை. ஆனால் உப்பு கொஞ்சம் முந்திக்கொண்டு வந்தது, கூட்டத்தில் முண்டியடித்து முன்னால் வருகிறவனைப் போல.

“மேல்காடு ஜாஸ்தி,” என்றாள் தோரிந்தா.

“சத்தம் போடுது.”

“ஒரு வாளி கீழ்க்காடு வேணும். ஒண்ணரை.”

“அவன் இருந்திருந்தா...”

“அவரு இருந்திருந்தா அந்தக் கமேலியா இன்னும் கோணியிருக்கும்,” என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைக்குட்டை எடுத்துக் கொடுக்கலாம் என்று பார்த்தால் அதில் மயில்துத்தம் அப்பியிருந்தது.

முகத்தை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: “நாலு வருஷமா இதை மறந்தே போயிட்டேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.”

“ஏன் கலக்காம விட்டோம்?”

“நீ ஏன் கலக்கணும்னு சொல்லல?”

“நீதான தனியா இருக்கட்டுமான்னு...” அவர் நிறுத்தினார். இது எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும். இன்னும் இரண்டு கேள்வி, அப்புறம் மழை வரும் போலிருக்கே என்று ஒன்று, அப்புறம் வீட்டுக்குப் போய்விடுவார்கள். திடீரென்று ஒரு நாள் காலையில் இவர் வந்து பார்த்தால் ஜன்னல் கதவெல்லாம் சாத்தியிருக்கும். ரொட்டிக்கடையில் போய்த் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

கிண்ணத்தைக் கல்லுக்காலின் தலையில் வைத்தார். தொப்பியைக் கழற்றினார். கழற்றியதும் அது அசட்டுத்தனமாகத் தோன்றியதால் மாட்டிக்கொண்டார்.

“இங்க பாரு தோரிந்தா. நான் ஒரு மாசமா கார், பார்க்கிங், கவாத்துன்னு என்னென்னவோ கேட்டேன். அதெல்லாம் சும்மா. நான் கேக்க வேண்டியது வேற.”

“தெரியும்.”

“தெரியுமா? அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“கேக்காததுக்கு யாராவது பதில் சொல்லுவாங்களாய்யா?”

“சரி, இப்பக் கேக்குறேன்.” மேலே பந்தலடியில் லிசார்தோவின் குரலில் ஒரு பாட்டு ஆரம்பமாகி, வரி தெரியாமல் நின்றது. “நீ இந்தக் காட்டை விக்கிறியா? இங்கேருந்து போறியா? நீ விக்கக் கூடாதுன்னு எனக்கு ஆசை. நீ போகவும் கூடாதுன்னு ஆசை. அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்ல, அது வேற. ஆனா தெரியணும். சுத்தி வளைக்காமச் சொல்லு.”

அவள் கிண்ணத்தில் மிச்சமிருந்ததை முழுவதும் குடித்தாள். வெறும் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஆற்றையோ எதிர்க்கரையையோ பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்தாள். அவளுக்கும் இது பழக்கமில்லாத வேலை என்று தெரிந்தது.

“இன்னிக்குக் காலைல வரைக்கும் வித்துடலாம்னுதான் இருந்தேன்,” என்றாள். “இப்ப விக்க மாட்டேன். ஒரு கொடியக்கூட எவனும் தொட விடமாட்டேன். காட்டை நீ பாத்துக்க, ஏப்ரல்ல நீயே கலக்கு, தப்பாத்தான் கலப்ப, பரவாயில்ல. ஆனா நான் போறேன், தெல்மீரோ. மே மாசம், இரியா வீட்டுக்கு. அந்தப் பெரிய வீட்டுல ஒத்தையில முழிச்சு ஒத்தையில படுக்க இனிமே என்னால முடியாது. போறேன்.”